நாய் நகமும் நாளைய வைத்தியமும்

வருடம் தவறாமல் தன் நாயின் கால் நகத்தை வெட்டி ஆராய்ச்சிக்கு அனுப்பி வைக்கும் மனிதரை நம் ஊரில் வேடிக்கையாகத்தான் பார்ப்பார்கள். அமெரிக்காவில் இப்படிப்பட்ட குடும்பங்கள் சுமார் 3,000 இருந்தன. நகத்தோடு ரத்தம், சிறுநீர், மலம், ஒரு கொத்து முடி ஆகியவையும் போயின. இவற்றைக் கால்நடை டாக்டர் எடுத்துக் கொடுத்துவிடுவார். நீண்ட கேள்விப் பட்டியலுக்கு உட்கார்ந்து பதில் எழுத வேண்டியது வீட்டுக்காரரின் பாடு. நாய் எங்கே தூங்குகிறது? என்ன தீனி, எத்தனை வேளை? குடிப்பது குழாய்த் தண்ணீரா, கிணற்றுத் தண்ணீரா? ஆறு குளத்தில் நீந்துகிறதா? வீட்டைத் துடைக்க என்ன திரவம், புல்வெளிக்கு என்ன பூச்சிமருந்து? பெற்ற பிள்ளையின் பள்ளி விண்ணப்பத்தைக்கூட இத்தனை பொறுமையாக நிரப்பியிருப்பார்களா என்பது சந்தேகம்.

இத்தனைக்கும் பதிலாக அந்த நாய்க்கு இலவச சிகிச்சை எதுவும் கிடையாது. புது மருந்தும் கிடையாது. வருடாந்திரப் பரிசோதனைக்கான டாக்டர் கட்டணத்தைக்கூட வீட்டுக்காரர்தான் கட்ட வேண்டும். கேட்டால் அதில் ஒரு சிறு பகுதி திரும்பக் கிடைக்கும். கௌரவம் மட்டும் உண்டு. ஆய்வில் சேர்ந்த நாய்களை அதை நடத்துகிறவர்கள் 'ஹீரோ' என்று குறிப்பிடுகிறார்கள்.

ஆய்வின் பெயர் கோல்டன் ரெட்ரீவர் லைஃப்டைம் ஸ்டடி. கொலராடோ மாநிலத்தின் டென்வர் நகரில் இருக்கும் மோரிஸ் அனிமல் ஃபவுண்டேஷன் 2012ல் இதைத் தொடங்கியது. 6 மாதத்திலிருந்து 2 வயது வரையிலான, வம்சாவளிச் சான்று உள்ள கோல்டன் ரெட்ரீவர் குட்டிகளை மட்டுமே சேர்த்துக்கொண்டார்கள். 2015ல் சேர்க்கை முடிந்தபோது எண்ணிக்கை 3,044. திட்டச் செலவு சுமார் 3.2 கோடி டாலர் என்று அந்த அமைப்பு சொல்லி வந்திருக்கிறது. குட்டியாகச் சேர்ந்த நாயைச் சாகும்வரை பின்தொடர்வது, அது எதைத் தின்றது, எங்கே படுத்தது, எந்த நோயில் விழுந்தது என்று பதிவு செய்வது, பிறகு கணக்குப் போட்டுக் காரணம் தேடுவது. இதுதான் திட்டம். கேட்பதற்கு எளிது. செய்து முடிக்கப் பதினைந்து வருடம் ஆகிவிடும்.

எத்தனையோ இனங்கள் இருக்க கோல்டன் ரெட்ரீவரைத் தேர்ந்தெடுக்கக் காரணம் ஒரு துயரமான புள்ளிவிவரம். அமெரிக்கக் கோல்டன்களில் சுமார் 60 சதவீதம் புற்றுநோயில் சாகின்றன. அங்குள்ள கோல்டன் ரெட்ரீவர் கிளப் 1998ல் தன் உறுப்பினர்களிடையே நடத்திய சுகாதாரக் கணக்கெடுப்பில் இது வெளிச்சத்துக்கு வந்தது. பின்னால் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் இறந்த நாய்களின் பிரேதப் பரிசோதனைப் பதிவேடுகளை அலசியபோதும் ஏறக்குறைய அதே கணக்குதான் வந்தது. சாந்தமான முகம், குழந்தை காதைப் பிடித்து இழுத்தாலும் சீறாத சுபாவம், விளம்பரப் படங்களில் குடும்பம் என்றாலே மூலையில் படுத்திருக்கும் பொன்னிற நாய். அந்த இனத்துக்குள் இப்படியொரு சாபம்.

சாபம் என்று சொல்லிவிடுவது சுலபம். இதில் மனிதனின் கை எவ்வளவு என்று பார்த்தால் நாய்ப் பிரியர்களுக்குச் சங்கடமாகத்தான் இருக்கும். இந்த இனம் இயற்கையில் தோன்றியதல்ல. ஸ்காட்லாந்தில் வேட்டைப் பிரியரான ஒரு செல்வந்தர், பின்னாளில் ட்வீட்மவுத் பிரபு ஆனவர், 1868ல் 'நூஸ்' என்ற மஞ்சள் நிற நாயையும் 'பெல்' என்ற நீர் ஸ்பேனியல் பெட்டையையும் இணை சேர்த்தார். அந்த ஈற்றின் குட்டிகளிலிருந்து கிளைத்ததுதான் வம்சம். ரஷ்ய சர்க்கஸ் நாய்களிலிருந்து வந்த இனம் என்று வெகுகாலம் ஒரு கட்டுக்கதை உலவியது. 1952ல் பிரபுவின் கைப்பட எழுதிய இனவிருத்திப் பதிவேடு பிரசுரமானபோதுதான் அது அடிபட்டுப் போனது. நாய்ப் பைத்தியங்கள் குறிப்பேடு எழுதும் வழக்கம் இன்று நேற்று வந்ததல்ல என்பதற்கு இதுவே சாட்சி.

அமெரிக்கன் கென்னல் கிளப் 1925ல் கோல்டனுக்கு அங்கீகாரம் கொடுத்தது. எழுபதுகளில் ஜனாதிபதி ஜெரால்ட் ஃபோர்டின் 'லிபர்ட்டி' வெள்ளை மாளிகைப் புல்வெளியில் ஓடியது பத்திரிகைப் படங்களில் வந்தது. மவுசு ஏறியது. ஆனால் வம்சாவளிச் சான்று என்றால் வெளியிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் வரக்கூடாது. கண்காட்சியில் பரிசு வாங்கிய ஆண் நாய்க்கு ஏகக் கிராக்கி; ஒரே நாய் நூற்றுக்கணக்கான குட்டிகளுக்குத் தகப்பனாகலாம். அதன் அழகோடு அதன் மரபணுக் கோளாறும் சேர்ந்தே பரவும். மூன்று தலைமுறை தாண்டினால் பெரியப்பா மகளும் சித்தப்பா மகனும் ஜோடி சேருவது போன்ற நிலைமை. விலை பேசும்போது யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

லைஃப்டைம் ஸ்டடியில் உள்ள பெட்டை நாய்களில் 93ன் மரபணுவை ஆராய்ந்து 2019ல் வெளியான கட்டுரை இந்த உள்ளுறவின் விலையைச் சொன்னது. உள்ளினச் சேர்க்கை அளவு 10 சதவீதம் கூடினால் ஒரு ஈற்றில் சுமார் ஒரு குட்டி குறைகிறது. பிறக்கும் குட்டியின் எண்ணிக்கையிலேயே தெரிகிற சேதம், பிறந்தவற்றின் ஆரோக்கியத்தை மட்டும் விட்டுவைக்கும் என்று நினைக்க இடமில்லை. பரிசுக் கோப்பை மீது கண் வைத்து இனத்தைக் குறுக்கியவர்களும், குட்டிக்காகக் காத்திருந்து வாங்கியவர்களும், இன்று நகம் வெட்டி அனுப்புகிறவர்களும் பெரும்பாலும் ஒரே ஜாதி மனிதர்கள்தான். நாய் மீது உயிரை வைத்தவர்கள்.

நாய்களை ஆயுள் முழுக்கப் பின்தொடர்வது புதிதல்ல. முன்பெல்லாம் அவற்றுக்கு எஜமானர் என்று யாரும் இல்லை, அவ்வளவுதான். அமெரிக்க அணுசக்திக் கமிஷன் ஐம்பதுகளிலிருந்து பல்கலைக்கழகங்களில் பீகிள் நாய்களைக் கூட்டங்கூட்டமாக வளர்க்க வைத்தது. யூட்டாவில் புளூட்டோனியம் ஏற்றப்பட்டது. டேவிஸில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பீகிள்கள் மீதான ஆய்வில் ஸ்ட்ரான்ஷியம் 90, ரேடியம் போன்றவற்றைக் கொடுத்து, எலும்பில் எப்போது புற்று வருகிறது என்று பல ஆண்டுகள் காத்திருந்தார்கள். அணுகுண்டுச் சாம்பல் மனிதனை என்ன செய்யும் என்பதுதான் கேள்வி. பீகிளைத் தேர்ந்தெடுத்ததற்கு அதன் அடக்கமான உடல்வாகும் சாதுவான குணமும் காரணங்கள். சாதுவாக இருப்பது நாய்களுக்கு எப்போதும் நல்லதாக முடிவதில்லை.

அடுத்து வந்தது ஒரு நாய்த் தீனிக் கம்பெனியின் ஆய்வு. பூரினா நிறுவனம் 1987ல் 48 லாப்ரடார் குட்டிகளை எடுத்து, ஒரே ஈற்றுக் குட்டிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்தது. ஜோடியில் ஒன்று தின்பதைவிட மற்றதற்கு 25 சதவீதம் குறைவாகத் தீனி. வேறு வித்தியாசம் எதுவும் கிடையாது. கடைசி நாயும் கண் மூடிய பிறகு 2002ல் முடிவு வெளியானது. குறைவாகத் தின்றவற்றின் நடுமை ஆயுள் 13 வருடம், மற்றவற்றுக்கு 11.2 வருடம். மூட்டு வாதமும் குறைத்துத் தின்றவற்றுக்குத் தாமதமாகவே வந்தது. தீனி விற்கும் கம்பெனியே 'குறைத்துப் போடுங்கள்' என்று நிரூபித்தது வேடிக்கைதான். ஆனாலும் நாய்ப் பிரியர்களின் வீடுகளில் தட்டு நிறைந்துதான் இருக்கிறது.

கூண்டு நாய்களின் வாழ்க்கை ஒரே சீரானது. எல்லாவற்றுக்கும் ஒரே தீனி, ஒரே தண்ணீர், ஒரே தரை. ஒரு விஷயத்தைத் தனியாகப் பிரித்து அளக்க அது வசதி. ஆனால் புற்றுநோயை எது கொண்டுவருகிறது என்று தேடுகிறவர்களுக்கு வீட்டு நாய்தான் தேவை. அது மனிதன் சுவாசிக்கும் காற்றையே சுவாசிக்கிறது, அவன் குடிக்கும் தண்ணீரையே குடிக்கிறது, அவன் மருந்தடித்த புல்லில் புரண்டு பாதத்தை நக்குகிறது. மனிதனுக்கு 30, 40 வருடத்தில் வரும் கதையை அது 10 வருடத்தில் வாழ்ந்து முடித்துவிடுகிறது. மாசசூஸெட்ஸின் ஃப்ரேமிங்ஹாம் என்ற சிற்றூரில் 1948ல் 5,209 பேரைச் சேர்த்துத் தொடங்கிய இருதய ஆய்வு இதற்கு முன்னோடி. ரத்தக் கொதிப்பும் கொலஸ்ட்ராலும் சிகரெட்டும் இருதயத்துக்கு ஆகாது என்று இன்று தெருவில் போகிறவரும் சொல்கிறார் என்றால், அந்த ஊர்க்காரர்கள் ஆண்டுக்கணக்கில் பொறுமையாகப் பரிசோதனைக்கு வந்து போனதால்தான். ஆனால் ஃப்ரேமிங்ஹாமில் அவரவர் உடம்பை அவரவரே ஒப்படைத்தார்கள். இங்கே சம்மதம் ஒருவருடையது, உடம்பு இன்னொன்றுடையது.

இந்த ஆய்வின் கடினமான இடம் இங்கேதான். ஆய்வு முக்கியமாகக் குறிவைத்திருப்பது நான்கு புற்றுநோய்களை: நிணநீர் மண்டலத்தைத் தாக்கும் லிம்போமா, எலும்புப் புற்று, தோலில் வரும் மாஸ்ட் செல் கட்டிகளில் தீவிரமான வகை, ஹிமாஞ்சியோசார்கோமா. கடைசியில் சொன்னது ரத்த நாளச் சுவரின் செல்களில் தோன்றுவது. மண்ணீரலிலோ இருதயத்திலோ சத்தமில்லாமல் வளரும். பல சமயம் எந்த அறிகுறியும் இருக்காது. காலையில் பந்தைக் கவ்விக்கொண்டு ஓடிய நாய் மாலையில் கால் மடங்கிச் சரியும், ஈறு வெளுத்திருக்கும். உள்ளே கட்டி வெடித்து வயிற்றுக்குள் ரத்தம் கொட்டியிருக்கும். அவசர ஆபரேஷன் செய்து மண்ணீரலை எடுத்தாலும் பெரும்பாலானவை சில மாதங்களே தாங்கும். கீமோதெரபி கொடுத்தால் இன்னும் கொஞ்ச காலம் கூடும். கோல்டன் வளர்ப்பவர்களிடம் இந்த நோயின் பெயரைச் சொன்னால் முகம் மாறிவிடும்.

அந்த மாலை நேரத்தில், மருத்துவமனை வராந்தாவில் நிற்கும் மனிதர் சில விஷயங்களை ஞாபகம் வைத்திருக்க வேண்டும் என்று ஆய்வு எதிர்பார்க்கிறது. கட்டியில் ஒரு துண்டு வேண்டும். நாய் பிழைக்காவிட்டால், அவர் சம்மதித்தால், பிரேதப் பரிசோதனை. கருணைக் கொலைக்குக் கையெழுத்துப் போட்ட பிறகு இதற்கும் கையெழுத்து. குட்டியாக இருந்தபோது உற்சாகமாகப் பாரம் நிரப்பியவருக்கு அன்று இது வெறும் ஒரு ஷரத்தாக இருந்திருக்கும். இன்று அந்த ஷரத்து மேஜைமேல் கிடத்தப்பட்டிருக்கிறது.

வேண்டாம் என்று சொல்ல அவருக்கு முழு உரிமை உண்டு. அப்படிச் சொன்னால் யாரும் குறை சொல்லப் போவதில்லை. ஆனால் அவர் சரி என்று சொல்லும்போதுதான் பத்து வருட நகமும் முடியும் கேள்விப் பட்டியலும் பொருள் பெறுகின்றன. நோய் வந்த நாயின் குட்டிப் பருவத்து ரத்தம் உறைநிலையில் காத்திருக்கிறது. அதோடு ஒப்பிட நோய் எது என்று உறுதியாகத் தெரிய வேண்டும். கசப்பான உண்மை இதுதான்: நாய்கள் நோயில் விழுந்தால்தான் இந்த ஆய்வு கரை சேரும். 3,044 நாயும் 16 வயது வரை சௌக்கியமாக வாழ்ந்து தூக்கத்தில் போயிருந்தால் வீட்டுக்காரர்களுக்குச் சந்தோஷம், விஞ்ஞானிகளுக்கு வெறுங்கை. இரண்டு தரப்புமே இதைத் தெரிந்துகொண்டுதான் வருடத்துக்கொரு தடவை கடிதப் போக்குவரத்து வைத்திருக்கிறார்கள். பலன் அடையப்போவது இன்னும் பிறக்காத ஏதோ ஒரு குட்டி. அதன் எஜமானர் இவர்கள் முகத்தைக்கூடப் பார்த்திருக்க மாட்டார்.

இதுவரை வந்த முடிவுகளில் வீட்டுக்காரர்களை நேரடியாகத் தொட்டது புற்றுநோய் பற்றியதல்ல, கருத்தடை ஆபரேஷன் பற்றியது. அமெரிக்காவில் குட்டிக்கு 6 மாதம் ஆவதற்குள் கருத்தடை செய்துவிடுவது நல்ல எஜமானரின் லட்சணமாகப் பல காலம் கருதப்பட்டது. தெருவில் அனாதைக் குட்டிகள் பெருகக்கூடாது என்ற நல்லெண்ணம் அதன் பின்னால் இருந்தது. 2019ல் இந்த ஆய்வின் நாய்களை வைத்து வெளியான கட்டுரை வேறொரு கணக்கைக் காட்டியது. கருத்தடை செய்த நாய்கள் பருமனாகும் வாய்ப்பு மற்றவற்றைவிட 50 முதல் 100 சதவீதம் அதிகம். இது எந்த வயதில் செய்தாலும் பொருந்தும். 6 மாதத்துக்கு முன்பே செய்தவற்றுக்கு, அடிபடாமலே தசைநார் அறுவது போன்ற மூட்டு எலும்புப் பிரச்சினைகள் வரும் அபாயம் 300 சதவீதம் அதிகம். வளர்ச்சியை நிறுத்தச் சொல்லும் ஹார்மோன் சமிக்ஞை வராததால் எலும்பு நீளும் கணக்கு மாறிவிடுகிறது என்பது இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். டாக்டர் பேச்சைத் தட்டாமல் நடந்த எஜமானர்களுக்கு இந்த முடிவு கசந்திருக்கும். அவர்கள் நிரப்பிக் கொடுத்த தாள்களிலிருந்தே அது வந்தது.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. சென்னையிலும் பெங்களூரிலும் புனேயிலும் அடுக்குமாடிகளில் கோல்டன்கள் பெருகிவிட்டன. ஸ்காட்லாந்துக் குளிருக்கு நெய்த ரோமக் கோட்டோடு மே மாதத்தில் மூச்சிரைக்கின்றன. 300 சதவீதம் என்று படித்ததும் ஆபரேஷனே வேண்டாம் என்று முடிவுகட்டுகிறவர்கள் உண்டு. ஆபரேஷன் செய்யாத பெட்டைகளுக்கு வயதானால் கருப்பையில் சீழ் பிடித்து உயிருக்கே ஆபத்து வருவது சகஜம். மார்புக் கட்டிகளும் அவற்றுக்குத்தான் அதிகம். எந்த வயதில் என்பது இனத்துக்கு இனம் மாறும் கேள்வி. அதைத் தன் நாயைத் தொட்டுப் பார்த்த டாக்டரோடு பேசித் தீர்ப்பதே நல்லது. தெருநாய்க்கு நகராட்சி செய்யும் கருத்தடையோடு இதைப் போட்டுக் குழப்பவும் கூடாது. அதன் நோக்கமே வேறு.

எஜமானரை நம்பி நடக்கும் ஆராய்ச்சிக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. இப்படி நகம் வெட்டி அனுப்புகிறவர் எப்படிப்பட்டவர்? கொஞ்சம் வசதியானவர், படித்தவர், நேரம் உள்ளவர், டாக்டரிடம் வருடம் தவறாமல் போகிறவர். சங்கிலியில் கட்டிப்போட்டு மிச்சச் சோறு போடுகிறவர் இந்தப் பட்டியலில் வரமாட்டார். ஆக, ஆய்வில் இருப்பவை நாய் உலகத்தின் மேல்தட்டு. அங்கே கண்டதை எல்லா நாய்க்கும் பொருத்த முடியாது.

இதை எண்களிலேயே காட்டிய இன்னொரு முயற்சி டாக் ஏஜிங் ப்ராஜெக்ட். வாஷிங்டன் பல்கலைக்கழகமும் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகமும் சேர்ந்து, அமெரிக்க அரசின் முதுமை ஆய்வு நிறுவனம் 2018ல் கொடுத்த மானியத்தில் தொடங்கியது. 2019 நவம்பரில் நாய்களைச் சேர்க்க ஆரம்பித்தார்கள். இங்கே இனம் பார்ப்பதில்லை. கலப்பு நாயும் வரலாம். 50,000 நாய்களுக்கு மேல் சேர்ந்துவிட்டன. 21,000க்கு மேற்பட்ட நாய்களின் வாழ்க்கைச் சூழலை அலசி 2023ல் வெளியான கட்டுரையில், வசதியான வீட்டு நாய்களுக்கு அதிக நோய்கள் பதிவாகியிருந்தன. பணக்கார வீட்டில் நாய்க்கு நோய் அதிகம் வரும் என்று இதற்கு அர்த்தமில்லை. அவர்கள் டாக்டரிடம் அதிகம் போகிறார்கள், அதனால் நோய் கண்டுபிடிக்கப்படுகிறது. ஏழை வீட்டு நாய்க்கு நோய்க்குப் பெயர் வைக்க ஆளில்லை. அதே கட்டுரையின் மனதைத் தொடும் முடிவு வேறு: வீட்டில் இன்னொரு நாயோ துணையோ இருப்பது போன்ற உறவுச் சூழல், பண வசதியைவிட ஐந்து மடங்கு வலுவாக ஆரோக்கியத்தோடு சம்பந்தப்பட்டிருந்தது.

2022ல் இதே திட்டத்திலிருந்து வந்த இன்னொரு கட்டுரை, ஒருவேளை மட்டும் தின்னும் நாய்களுக்கு மறதி நோயும் வேறு சில கோளாறுகளும் குறைவாக இருப்பதாகச் சொன்னது. உடனே 'ஒருவேளைச் சோறு போதும்' என்று தலைப்பு போட்டவர்கள் உண்டு. உடம்பு முடியாத நாய்க்குத்தான் வீட்டுக்காரர் கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை ஊட்டுகிறாரோ என்னவோ? எது காரணம், எது விளைவு என்று ஒரே சமயத்தில் எடுத்த படத்தில் தெரியாது. இதை வைத்து யாரும் தீனி நேரத்தை மாற்ற வேண்டாம் என்று ஆய்வாளர்களே எச்சரித்தார்கள். வருடக்கணக்கில் பின்தொடர்ந்தால்தான் எது முதலில் வந்தது என்று விளங்கும். அதனால்தான் நீண்டகால ஆய்வு வேண்டும் என்று தலையால் அடித்துக்கொள்கிறார்கள்.

இதே திட்டத்தில் ஒரு மருந்துப் பரிசோதனையும் உண்டு. ராபமைசின் என்ற மருந்து எலிகளின் ஆயுளை நீட்டியிருக்கிறது. நாய்க்கும் நீட்டுமா என்று பார்க்க, 7 வயது தாண்டிய பெரிய உருவ நாய்களில் 580ஐச் சேர்ப்பது இலக்கு. பாதிக்கு மருந்து, பாதிக்கு வெறும் மாத்திரை. எது எதற்கு என்று எஜமானருக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. இந்த மருந்தின் பின்னால் ஓர் இந்தியர் இருக்கிறார். பசிபிக் கடலின் ஈஸ்டர் தீவிலிருந்து 1964ல் எடுத்து வந்த மண்ணில் இருந்த நுண்ணுயிர் ஒன்றிலிருந்து, மான்ட்ரியலில் அயர்ஸ்ட் கம்பெனி ஆய்வுக்கூடத்தில் இதைப் பிரித்தெடுத்தவர் சுரேந்திர நாத் சேகல். பனாரஸ் இந்து பல்கலைக்கழகத்தில் மருந்தியல் படித்தவர். எண்பதுகளில் கம்பெனி அந்த ஆய்வுக்கூடத்தை மூடி, இந்த ஆராய்ச்சியையும் கைவிட்டபோது, நுண்ணுயிரைச் சின்னக் குப்பிகளில் அடைத்து வீட்டு ஃப்ரீசரில் வைத்துக் காப்பாற்றினார். வீட்டில் யாரும் எடுத்துச் சாப்பிட்டுவிடக் கூடாதே என்று மேலே எழுதியும் வைத்தார். 1999ல் அது சிறுநீரக மாற்று நோயாளிகளுக்கான மருந்தாக அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2003ல் சேகல் காலமானார். ஃப்ரீசரில் கிடந்த அந்தக் குப்பி கிழட்டு நாய்களின் கிண்ணம் வரை வரும் என்று அவர் நினைத்திருக்க மாட்டார்.

மருந்தைவிட மானியம்தான் சீக்கிரம் காலாவதியாகிறது. அரசு மானியங்கள் பெரும்பாலும் ஐந்து வருடக் கணக்கில் வருகின்றன. நாயோ 12, 13 வருடம் வாழ்கிறது. 2023 இறுதியில், டாக் ஏஜிங் ப்ராஜெக்டுக்கான மானியம் புதுப்பிக்கப்படுவது சந்தேகம் என்று அதை நடத்தியவர்களுக்குத் தெரிய வந்தது. கையெழுத்து இயக்கம் நடத்தினார்கள், தனியாரிடம் நிதி திரட்ட ஓர் அமைப்பும் தொடங்கினார்கள். 2024ல் ராபமைசின் பரிசோதனைக்கு மட்டும் சுமார் 70 லட்சம் டாலர் அரசு நிதி கிடைத்தது. இடைப்பட்ட மாதங்களில், கேள்விப் பட்டியலை நிரப்பிக் காத்திருந்த 50,000 வீட்டுக்காரர்களின் நிலையை யோசித்துப் பார்க்க வேண்டும். அவர்கள் தங்கள் பங்கு வாக்கைக் காப்பாற்றியிருந்தார்கள். அறக்கட்டளைப் பணத்தில் நடக்கும் கோல்டன் ஆய்வு இந்த ஆட்டத்திலிருந்து ஓரளவு தப்பித்தது. அரசு பார்த்து வெட்கப்பட வேண்டிய விஷயம் இது. பல்லாயிரம் குடும்பங்களிடம் பத்து வருட உழைப்பைக் கேட்பவர்கள் பத்து வருடப் பணத்தையும் முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டாமா?

குட்டியாகச் சேர்ந்த கோல்டன்களில் மிச்சமிருப்பவை இன்று முகம் நரைத்துவிட்டன. கடைசியில் சேர்ந்ததற்கும் பத்து வயது தாண்டிவிட்டது. கட்டித் துண்டுகளும் ரத்தமும் உறைநிலையில் கிடக்கின்றன. உலகில் எந்த ஆய்வாளரும் விண்ணப்பித்து வாங்கிக்கொள்ளலாம். நான்கு புற்றுநோய்களுக்கு இதுதான் காரணம் என்று விரல் நீட்டும் முடிவு இன்னும் வரவில்லை. ஒற்றைக் குற்றவாளி என்று யாரும் சிக்காமலே போகலாம். மரபணுவில் கொஞ்சம், சூழலில் கொஞ்சம், விதியில் கொஞ்சம் என்றுதான் கணக்கு முடியும் போலிருக்கிறது.

இதற்கிடையே பார்வை எதிர்ப்பக்கமும் திரும்பியிருக்கிறது. எல்லாக் கோல்டன்களும் புற்றில் சாவதில்லையே, தப்பித்தவற்றிடம் என்ன இருக்கிறது? டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் 300க்கு மேற்பட்ட கோல்டன்களின் மரபணுவை ஒப்பிட்டு 2023ல் ஒரு விடை சொன்னார்கள். ஹெர்4 என்ற மரபணுவின் ஒருவகை அமைப்பு உள்ள நாய்கள் சராசரியாக 13.5 வயது வரையும், வேறுவகை உள்ளவை 11.6 வயது வரையும் வாழ்ந்தன. மனிதனின் புற்றுநோயிலும் பேசப்படும் மரபணுக் குடும்பம் அது. மோரிஸ் அமைப்பும் புதிதாக ஓர் அழைப்பு விடுத்தது. 12 வயது தாண்டிய, ஒருமுறைகூடப் புற்றுநோய் காணாத கோல்டன்கள் வேண்டும். நோயில் விழுந்த 'ஹீரோ'க்களோடு ஒப்பிட்டுப் பார்க்க. திட்டத்தின் பெயர் கோல்டன் ஓல்டீஸ். மாடிப்படி ஏற முடியாமல், காது கேட்காமல், வாசல் விரிப்பில் படுத்து வாலை மட்டும் ஆட்டும் கிழட்டு நாய்களைக் கார் பின்சீட்டில் தூக்கி வைத்துக்கொண்டு இந்த முறையும் வீட்டுக்காரர்கள் டாக்டரிடம் புறப்பட்டார்கள்.